முடிவு தெரிந்த கதை: வீட்டோடு நத்தார் படம் பார்க்க ஒரு வழிகாட்டி

நத்தார் விடுமுறையில் ஒரு மாலை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். பதினைந்து வயதுக்காரன் கைப்பேசியை விட்டுத் தலை நிமிர மாட்டான். போதாததற்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இத்தனை பேரும் ஒன்றரை மணித்தியாலம் ஒரே படத்தை எழும்பாமல் பார்க்க வேண்டுமென்றால், முதல் கால் மணித்தியாலத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிற, பனி கொட்டுகிற, கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில் சேருகிற நத்தார் படத்தைத் தேர்ந்தெடுங்கள். முதன்முதலாக இப்படி ஒரு மாலையை ஒழுங்கு செய்கிற திருகோணமலை வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். நத்தார் கொண்டாடும் வீடாக இருக்க வேண்டும் என்றில்லை.

முடிவு முன்பே தெரிவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. காத்தவராயன் கூத்துக்குப் போகிற எவரும் கதை தெரியாமல் போவதில்லை. கடைசியில் கழுமரம் வரும் என்று தெரிந்துகொண்டே, அதை இன்றைக்கு எப்படி ஆடிப் பாடுகிறார்கள் என்று பார்க்க விடிய விடிய இருக்கிறார்கள். நத்தார் படமும் அந்த வகைதான். கதை தெரிந்ததால் நடுவில் எழும்பித் தேநீர் வைத்துவிட்டு வரலாம், பத்து நிமிடம் பிந்தி வந்து உட்காரலாம், கதைத்துக்கொண்டே பார்க்கலாம். பயந்த பிள்ளைக்கு ‘ஒன்றும் ஆகாது, பார்’ என்று நம்பிச் சொல்லலாம். மொழி தெரியாதவரும் முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். கீழே சொல்கிற எல்லா வேலையும் இந்தப் பலத்தைப் பயன்படுத்துவதற்காகத்தான்.

படத்தின் எலும்புக்கூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொலைக்காட்சிக்கென்று எடுக்கப்படும் நத்தார் படங்கள் ஒரு தனி வகை. அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி 2009 முதல் ஒவ்வொரு வருடமும் நத்தாரை ஒட்டி இவற்றைத் தொடர் வரிசையாகவே ஒளிபரப்பி வருகிறது. விளம்பரங்களைக் கழித்தால் படம் 85 நிமிடத்துக்குக் கிட்ட வரும். விளம்பர இடைவேளைகளுக்காகச் சிறு சிறு பகுதிகளாகவே எழுதப்படுவதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளின் பொறுமைக்கு இது சரியான அளவு.

கதை அநேகமாக இப்படித்தான் போகும். நகரத்தில் வேலை செய்யும் பெண் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே ஒரு பேக்கரியோ விடுதியோ நத்தார் மரத் தோட்டமோ கடனில் நிற்கிறது. ஊரில் ஒருவரோடு முதலில் முட்டல், பிறகு நட்பு. முக்கால்வாசிப் படத்தில், அதாவது 60 முதல் 65ஆவது நிமிடத்துக்குள், ஒரு மனத்தாங்கல் வந்து பிரிவார்கள். நத்தாருக்கு முந்திய இரவு எல்லாம் சரியாகும். முத்தம் பெரும்பாலும் ஒன்றுதான், கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் வரும். அப்பப்பா பக்கத்தில் இருக்கும்போது யார் ரிமோட்டைத் தேடுவது என்ற சங்கடம் இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கடைசித் தகவல் உதவும். இடையில் முத்தமிடப் போய் யாரோ கதவைத் தட்டிக் குழப்புகிற காட்சியும் வரும். அதற்கு அஞ்சத் தேவையில்லை.

இந்தப் படங்களில் நிறையவற்றைக் கனடாவில் எடுக்கிறார்கள். அதிலும் பல கோடைகாலத்தில், செயற்கைப் பனி போட்டு எடுக்கப்பட்டவை. கடுங்குளிரில் பேசினால் வாயிலிருந்து புகை போல ஆவி வர வேண்டும். கோடையில் எடுத்த படத்தில் வராது. இதைப் பதினைந்து வயதுக்காரனிடம் சொல்லி, எந்தக் காட்சி பொய்ப் பனி என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள். கைப்பேசி தானாகக் கீழே போகும்.

படம் தெரிவு செய்தல்

இதை ஒரு கிழமைக்கு முன்பே செய்யுங்கள். குடும்பமே உட்கார்ந்த பிறகு தேடத் தொடங்கினால் அரை மணித்தியாலம் தேடலிலேயே போகும், பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் 100 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் வேண்டாம். முதல் தடவைக்கு வசனமே இல்லாத குறும்படத்தில் தொடங்குவது எங்கள் அசையாத பரிந்துரை. 1982இல் வந்த ‘தி ஸ்னோமேன்’ 26 நிமிடம். தொடக்கத்தில் வரும் சிறு அறிமுகப் பேச்சையும் ஒரு பாட்டையும் தவிரக் கதை முழுவதும் இசையிலேயே நகர்கிறது. முடிவில் பனிமனிதன் உருகிவிடுவான். சின்னப் பிள்ளை அழக்கூடும், ஆகவே மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். சிரிப்பு வேண்டுமென்றால் ஷோன் என்ற செம்மறியாட்டின் 2021 நத்தார்ப் படம் இருக்கிறது. அரை மணித்தியாலம்தான், அதிலும் பேச்சு இல்லை. இரண்டிலும் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

முழுநீளப் படத்துக்கு வந்தால் ‘ஆர்தர் கிறிஸ்மஸ்’ (2011), ‘கிளாஸ்’ (2019) இரண்டும் அனிமேஷன், இரண்டும் 97 நிமிட அளவு, இரண்டும் எட்டு வயதிலிருந்து எண்பது வரை பொருந்தும். ‘ஹோம் அலோன்’ (1990) பலருக்குத் தெரிந்த படம். அடி விழுகிற காட்சிகளைப் பிள்ளைகள் தம்பி தங்கைமேல் செய்து பார்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இயேசு பிறப்பின் கதையே வேண்டுமென்றால் ‘தி ஸ்டார்’ (2017), 86 நிமிடம். ஒளிவிழாவில் பாலன் குடில் காட்சியில் நடித்த பிள்ளைகளுக்கு இதில் ஒவ்வொரு பாத்திரமும் தெரிந்த முகமாக இருக்கும்.

நத்தார் என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் போடாதீர்கள். ‘கிரெம்லின்ஸ்’ (1984) நத்தார் காலத்தில் நடக்கிறது, தரச்சான்று வெறும் பி.ஜி.தான் (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்பது), ஆனால் சின்னப் பிள்ளைகள் இரவில் தூங்க மாட்டார்கள். ‘லவ் ஆக்சுவலி’ (2003) பெரியவர்களுக்கானது. அமெரிக்கத் தரச்சான்றில் ஆர், அதாவது 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது. 1946இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ அருமையான படம். ஆனால் கறுப்பு வெள்ளை, 130 நிமிடம், உயிரை விடத் துணிந்து பாலத்தில் நிற்கும் மனிதன் அதன் மையம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் இரவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முழுவதையும் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லையென்றால் மூன்று இடத்தைப் பாருங்கள்: முதல் பத்து நிமிடம், மனத்தாங்கல் வருகிற 60ஆவது நிமிடத்தைச் சுற்றிய பகுதி, கடைசிப் பத்து நிமிடம். இந்த வகைக் கதைகளில் தாயோ கணவரோ பிள்ளையோ முன்பே இறந்துபோயிருப்பது வெகு சாதாரணம். முதல் பத்து நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். போரும் கடலும் ஆட்களைக் கொண்டுபோன எங்கள் ஊரில் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். அன்று உங்களோடு உட்காரப் போகிறவர் யார், அவருக்கு அது இந்த வருடம் தாங்குமா என்று பாருங்கள். இன்னொன்று, நத்தார் தாத்தா உண்மையா பொய்யா என்று வெளிப்படையாகப் பேசுகிற காட்சி. நத்தார் தாத்தாவை நம்புகிற வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் படத்தை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள்.

பரிசுப் பொதிகள் மலையாகக் குவிகிற படங்களை நாங்கள் ஒதுக்கிவிடுவோம். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பெட்டிகளை எண்ணத் தொடங்குவார்கள். கடையைக் காப்பாற்றுவது, வீட்டுக்குத் திரும்புவது, கோபத்தில் இருக்கும் தாத்தாவைச் சமாதானப்படுத்துவது என்று போகிற கதைகள் இங்கே நன்றாக ஒட்டும்.

மூன்று நாளுக்கு முன்: தரவிறக்கம்

மழைக்காலத்தில் இணையத்தை நம்பி நேரடியாக ஓடவிட வேண்டாம். எச்.டி. தரத்தில் ஒரு மணித்தியாலப் படம் 3 ஜி.பி. வரை இழுக்கும். சாதாரணத் தரத்தில் ஒரு ஜி.பி.க்கு உள்ளே முடியும்; 40 அங்குலத் திரைக்கு அது போதும். உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னான டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். கைப்பேசியில் நெட்ஃபிளிக்ஸ் தரவிறக்கம் செய்த படத்தை டிவியில் காட்ட முடியும் என்று நினைத்திருப்பார்கள். அப்படி இறக்கிய படத்தை வைஃபை வழியே டிவிக்கு அனுப்ப விடாது. எச்.டி.எம்.ஐ. மாற்றி வாங்கிச் செருகினாலும், விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் சார்ஜ் துளை வழியாகப் படம் வெளியே வராது; துளை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே அந்த வசதி கிடையாது. ஆகவே மூன்று நாளுக்கு முன்பே கேபிளைச் செருகிப் பாருங்கள். வரவில்லையென்றால் டிவியிலேயே அந்தச் செயலியைத் திறந்து, பிற வேலைகளுக்கு வைஃபையை நிறுத்திவிட்டுச் சாதாரணத் தரத்தில் ஓட விடுங்கள். கடை டிஸ்க்கும் நல்ல வழி. தரவிறக்கங்களில் சில, ஓடத் தொடங்கிய 48 மணித்தியாலத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் சோதித்துப் பார்க்க அன்றைக்குப் போடும் படத்தைத் தொடக்காமல் வேறொன்றை ஓட்டிப் பாருங்கள்.

சொந்தமாக வாங்கிய கோப்பைப் பென் டிரைவில் போடுவதானால் இரண்டு விஷயம். டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி.க்குப் பெரிய கோப்பு ஏறாது. டிவி ஏற்றால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். திரையின் கீழே எழுத்தாக ஓடும் வசனக் கோப்பின் பெயர் படக் கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ் வசனம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பை யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்துப் பாருங்கள். அப்போதும் கட்டமென்றால் அந்த டிவிக்குத் தமிழ் எழுத்துரு இல்லை, மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ.யில் ஓட விட்டால் சரியாகும்.

ஆலய மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ ஊருக்குக் காட்ட நினைப்பவர்களுக்கு: வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டுந்தான். பொது இடத்தில் காட்டத் தனி அனுமதி வேண்டும். இந்த வழிகாட்டி வீட்டு விறாந்தையோடு நிற்கிறது.

அறை, சத்தம், மின்சாரம்

முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும் ஆசையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் அரை மணித்தியாலம் விடாது. பொழுது படும் நேரத்தில் நுளம்பும் சேர்ந்துகொள்ளும். யன்னல்களை ஐந்து மணிக்கே சாத்திவிடுங்கள். நுளம்புத்திரியைப் படம் தொடங்குவதற்கு முன் கொளுத்தி அணைத்துவிட்டால் மூடிய அறையில் புகை தேங்காது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் டிவியின் சத்தம் தோற்றுவிடும். பெரும்பாலான டிவிகளின் ஒலிபெருக்கி பின்பக்கமாகவோ கீழ்நோக்கியோ இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல் கூடுமே தவிர வார்த்தை விளங்காது. மேல்தட்டுப் போட்ட அறை இருந்தால் அங்கே மாறுங்கள். இல்லையென்றால் சிறிய ஒலிபெருக்கியை ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். புளூடூத்தில் சத்தம் உதட்டசைவுக்குப் பிந்தும், ஹெட்போன் துளையில் செருகும் 3.5 மி.மீ. வயரில் இணைத்தால் பிந்தாது. இசை அதிரும்போது பேச்சு மட்டும் மெலிந்து கேட்டால், ஒலித்தடம் பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 வகையில் இருக்கிறது என்று அர்த்தம். மெனுவில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

40 அங்குல எல்.ஈ.டி. டிவி 60 முதல் 80 வாட் வரை எடுக்கும். கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின்சாரம் கொடுக்கிற, கணினிக்குப் பயன்படும் 650 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, பற்றரி புதிதாக இருந்தால், அதை அரை மணித்தியால அளவுக்குத் தாங்கும். 200 வாட் விளக்கு உள்ள புரொஜெக்டரைத் தாங்காது, கால் மணித்தியாலத்துக்குள் கைவிட்டுவிடும். மின்சாரம் அடிக்கடி போகிற பகுதியென்றால் மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து, படத்தை அதில் வைத்திருங்கள். கரண்ட் போனால் மேசையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து மீதியைப் பார்க்கலாம். பிள்ளைகள் அந்தப் பகுதியைத்தான் அதிகம் விரும்புவார்கள்.

பாயில் பிள்ளைகள், பின்னால் கதிரைகளில் பெரியவர்கள். முன்வரிசைப் பாய் திரையிலிருந்து ஒன்றரை மீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நேரமும் நாளும்

திருகோணமலையில் மார்கழிக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். விளக்கேற்றல், செபமாலை, மஃக்ரிப் தொழுகை எல்லாம் அதையொட்டி வரும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர வேண்டுமென்றால் 6.30க்குத் தொடங்குங்கள். 7.15க்கு இடைவேளை விட்டால் இஷாத் தொழுகைக்குப் போகிறவர்கள் போய்வரலாம், மற்றவர்கள் தேநீர் குடிக்கலாம். 8.30க்குள் எல்லாம் முடிந்துவிடும்.

24ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிற வீடுகள் அன்று குறும்படத்தோடு நிறுத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைப்பது நல்லது. முழுப் படத்துக்கு 20 முதல் 23 வரை, அல்லது 25 மாலை. 26 வேண்டாம். 2004இல் அன்று காலைதான் ஆழிப்பேரலை வந்தது. அயல் வீடுகளில் விளக்கேற்றி நினைவுகூருகிற நாளில் சிரிப்புச் சத்தம் மதிலைத் தாண்டக் கூடாது. வேறு நாளில் போடும் படத்திலும் வெள்ளம், கப்பல் மூழ்குதல் போன்ற காட்சி இருந்தால் முன்பே தெரிந்து வையுங்கள்.

தின்னக் கொடுப்பது

பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். முதல்நாள் இரவு ஊறவைத்து அவித்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளியுங்கள். கிண்ணத்தில் கொடுத்தால் கை ஒட்டாது, பாயிலும் சிந்தாது. றோல்ஸும் பற்றீஸும் எண்ணெய்க் கையோடு ரிமோட்டுக்குப் போகும். அவற்றை இடைவேளைக்கு வையுங்கள். நத்தார் ரிச் கேக்கில் பிராந்தி சேர்ப்பது வழக்கம். முஸ்லிம் அயலவர்கள் வருகிறார்கள் என்றால் பிராந்தி சேர்க்காத கேக்கைத் தனியாகச் செய்து, தனித் தட்டில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளையார் பெருங்கதை விரதமும் திருவெம்பாவையும் இந்தக் காலத்தை ஒட்டியே வருவதால் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். கடலையும் முறுக்கும் எல்லோருக்கும் பொது.

கதை சொல்லி ஒருவர் வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. ஆங்கிலமும் தமிழும் சரளமாக வரும் ஒருவரை, பெரும்பாலும் ஒரு சித்தியையோ மாமாவையோ, கதை சொல்லியாக வையுங்கள். படம் தொடங்குமுன் மூன்று நிமிடத்தில் முழுக் கதையையும், முடிவு உட்பட, தமிழில் சொல்லிவிட வேண்டும். பெயர்களைச் சொல்ல வேண்டாம். வெள்ளைக்காரப் பெயர்கள் ஐந்தாவது நிமிடத்தில் குழம்பிவிடும். ‘பேக்கரிப் பெண்’, ‘கோபக்காரத் தாத்தா’, ‘மரம் விற்கிறவர்’ என்று அடையாளம் கொடுங்கள். நத்தார் தாத்தா புகைபோக்கி வழியாக ஏன் இறங்குகிறார், காலுறையை ஏன் தொங்கவிடுகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் நடுவில் கேள்வி குறையும்.

படம் ஓடும்போது வரிக்கு வரி மொழிபெயர்த்தால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் படம் கெட்டுவிடும். ஒரு காட்சிக்கு ஒரு வசனம் போதும்: ‘கடையை விற்கச் சொல்கிறான்’, ‘அவளுக்குக் கடிதம் கிடைக்கவில்லை’. பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, யார் யார் என்று விளங்கியதா என அம்மம்மாவைக் கேளுங்கள். விளங்கியிருந்தால் அதன்பிறகு இடைவேளை வரை நிறுத்தத் தேவையில்லை. இடைவேளையை மனத்தாங்கல் காட்சிக்குப் பிறகு விடாமல் அதற்கு முன் விடுங்கள். சோகத்தில் நிறுத்தினால் சின்னப் பிள்ளைகள் திரும்பி வர மாட்டோம் என்று அடம்பிடிப்பார்கள்.

வெளிநாட்டு உறவினரோடு சேர்ந்து

திருகோணமலையில் மாலை 6.30 என்றால் மார்கழியில் லண்டனில் பகல் 1 மணி, ரொறன்ரோவில் காலை 8 மணி, மெல்பேணில் நள்ளிரவு. லண்டன், ரொறன்ரோ இரண்டும் வசதி. இரு பக்கமும் அதே படத்தை வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் எண்ணி ஒன்றாக அழுத்துங்கள். அழைப்பின் மைக்கை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் அங்கத்தைய படச் சத்தம் எதிரொலியாக வரும். சில விநாடி முன்பின்னானால் பரவாயில்லை, முடிவு எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோ மச்சாளிடம் அவர்கள் யன்னலுக்கு வெளியே உண்மைப் பனியைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த வருடத்துக்கு

பிள்ளைகள் அதே படத்தைத் திரும்பக் கேட்பார்கள். தயங்காமல் அதையே போடுங்கள். ஆனால் இணையச் சேவைகளில் படங்கள் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். கார்த்திகையிலேயே தேடிப் பாருங்கள். டிஸ்க் வாங்கி அனுப்பச் சொன்னால் வட்டாரக் குறியைக் கவனியுங்கள். டி.வி.டி.யில் கனடா 1, பிரித்தானியா 2, இலங்கை 5. எல்லா வட்டாரமும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் அங்கிருந்து வந்த டிஸ்க் இங்கே திறக்காது. பிளேயரின் மாதிரி எண்ணைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட்டு, விடை வந்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.